பாப்பாவுக்கு குட்டி வாங்காண்டாம் மக்கா

எடி மக்கா,

சொகமா இருக்கியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான், மழ விட்டும் விடாமலும் நிக்குது. இனி விஷயத்துக்கு வாறேன்.

பாப்பாவுக்கு பர்த்டேக்கு ஒரு காக்கர் ஸ்பேனியல் நாய்க்குட்டி வேணும், லீவுக்கு வாறதுக்குள்ள நல்ல ப்ரீடரா பாத்து அட்வான்ஸ் குடுத்து வையின்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தேல்லா. பதில் இல்லன்னு கோவத்துல இருப்ப, ஒன் கோவம் எனக்குத் தெரியாதா, பேச்சிப்பாறை டூர்லயே பாத்தாச்சு. ரெண்டு வரில முடியுற பதில் இல்ல மக்கா அது. நீ கேட்ட அதே சாதி நாய் இப்ப எங்க வீட்டுத் திண்ணைல கெடக்கு. காசு குடுத்து வாங்குனது இல்ல, ஆளில்லாத நாய்ங்கள வச்சுப் பாக்குற ஷெல்டர்ல இருந்து கூட்டிட்டு வந்தது.

ஒனக்காகத்தான் விசாரிச்சேன். அப்ப ஒருத்தங்க, குட்டி எதுக்கு, திருவனந்தபுரத்துல ஒரு ஷெல்டர்ல வளந்த ஸ்பேனியலே ஒண்ணு ஆள் இல்லாம நிக்குதுன்னு போட்டோ அனுப்புனாங்க. சும்மா பாத்துட்டு வருவோம்னுதான் ஒங்க அண்ணனும் நானும் போனோம். ஒடம்பெல்லாம் முடி சிக்கு பிடிச்சு, அதுக்குள்ள உண்ணி பெருகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கயித்தோட கெடந்தானாம். முடிய மொத்தமா வழிச்சுத்தான் உண்ணிய எடுத்திருக்காங்க. மொட்டை ஒடம்பு, நீளக் காது, அந்த வால் மட்டும் ஒரு செகண்டு நிக்கல. ஷெல்டர்ல இருந்து ரெண்டு வீட்டுக்கு போயி ரெண்டு வீட்டுலயும் திருப்பி விட்டுட்டாங்களாம், காரணம் கேட்டா "ரொம்ப ஆக்டிவ்." பல்ல பாத்து மூணு வயசு இருக்கும்னாங்க. கண்ணுல நோய் இல்ல, கடிக்குற கொணம் இல்ல, ஓடுறான்ங்குறது மட்டுந்தான் குத்தம்!

அங்க உள்ள பிள்ளைங்க சும்மா தூக்கிக் குடுக்கல கேட்டியா. வீடு சொந்தமா வாடகையா, காம்பவுண்டு எவ்வளவு ஒசரம், பகல்ல யாரு இருப்பா, வெளியூரு போனா யாரு பாத்துக்குவான்னு கேள்வி மேல கேள்வி, பெறகு வீட்ட வந்தும் பாத்தாங்க. பெண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கன்னு அம்மைக்கு ஒரே கடுப்பு. எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, அட்டையும் எழுதித் தந்தாங்க. பேரு சுக்குன்னு சின்னவன் வச்சான்.

முதல் மூணு நாளு பயம், மூணு வாரத்துல வீட்டு வழக்கம் பிடிபடும், மூணு மாசத்துலதான் இது நம்ம வீடுன்னு நம்பும்னு அவங்க ஒரு கணக்கு சொல்லி விட்டாங்க. அது போலதான் இருந்துச்சு. ஆரம்பத்துல கட்டிலுக்கு அடில கெடந்தான், தண்ணி குடிக்கக் கூட ஆள் இல்லாத நேரம் பாத்துதான் வருவான். பயம் தெளிஞ்சதும் பிடிச்சுது பாரு ஓட்டம், வாசல்ல இருந்து அடுக்களைக்கு, அடுக்களைல இருந்து புறவாசலுக்கு, அம்மை நட்ட மரச்சீனிக் கெழங்கெல்லாம் தோண்டியாச்சு, பச்ச மரச்சீனி தின்னா நாய்க்கு ஆவாதுன்னு நான் பதறி ஓட, அதை வெளையாட்டுன்னு நெனச்சு அவன் இன்னும் வேகமா ஓட, "இந்த சவத்த கொண்டு விட்டுட்டு வா"ன்னு அம்மை கத்த, ஒங்க அண்ணன் ஒண்ணும் பேசாம கேட்ட சாத்திட்டு போயிட்டாரு. ரெண்டு வீட்டுக்காரங்களும் இந்த எடத்துலதான் விட்டுருக்காங்க.

இனி சொல்றதத்தான் நீ கவனிக்கணும். இந்த சாதி நாய இங்கிலாந்துல வேட்டைக்குன்னே வளத்தெடுத்திருக்காங்க. புதருக்குள்ள மூக்க தரையோட வச்சு இடமும் வலமுமா ஓடி, பதுங்கியிருக்குற பறவைய கெளப்பி விடணும், துப்பாக்கிக்காரன் சுடுவான், விழுந்தத எடுத்துட்டு வரணும். வுட்காக்குங்குற பறவைய கெளப்புனதால வந்த பேருதான் காக்கர். நாள் பூரா ஈரத்துலயும் முள்ளுலயும் ஓடுறதுக்குன்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த ஒடம்பு அது. அதக் கொண்டு நாலு செவத்துக்குள்ள டைல்ஸ் தரைல விட்டுட்டு, அடங்க மாட்டேங்குதுன்னு சொன்னா என்ன நியாயம்? அவன் சேட்டை பண்ணல மக்கா, வேல தேடுறான்.

வேல குடுத்தோம். விடியக்காலம் தேரூர் குளத்துக்கரைக்கு கூட்டிட்டுப் போறேன், வாரு போட்டுத்தான். அந்த குளமெல்லாம் 2022ல ராம்சார்ங்குற, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேந்ததுல்லா, சுசீந்திரம் தேரூர் மணக்குடின்னு சேத்து. கொக்கும் நாரையும் மேயுற எடம், இவனுக்கு ரத்தத்துலயே பறவை கெளப்புற புத்தி, அவுத்து விட்டா அதுங்களுக்குத்தான் தொந்தரவு. கன்னிப்பூ நெல்லு அறுத்து முடிஞ்ச வயலுன்னா நீளக் கயித்துல விடுவேன். தாளுக்குள்ள ஒரு மடையான் கொக்கு எந்திரிச்சா அப்படியே ஒரு முன்னங்கால தூக்கிட்டு நிப்பான், ஒடம்பு முழுக்க நடுங்கும், நம்ம மொகத்த ஒருக்க பாப்பான், அந்தப் பார்வைக்கு என்ன குடுத்தாலும் தகும். ஆனா ஓட்டத்த விட மூக்கு வேலதான் அவன அசத்துது. அவிச்ச கோழித்துண்ட எலும்பில்லாம பிச்சு, புறவாசல்ல குமிச்சுப் போட்டிருக்குற தேங்காத் தொண்டுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு தேடுன்னா போதும், தேடித் தீத்துட்டு அம்மை காலடில வந்து விழுந்து ஒறங்குவான். இப்ப ஒளிச்சு வைக்குறதே அம்மைதான். என்கிட்ட குடு, ஒனக்குத் தெரியாதுங்குறா!

அடுத்தது காது. படத்துல பாக்க அழகுன்னுதானே பாப்பாவும் கேக்கா. தொங்குற காதுக்குள்ள காத்து போவாது, நாயோட காதுக் குழி கீழ எறங்கி உள்ளே திரும்பிப் போவுது, ஈரம் நின்னா ஈஸ்ட்ங்குற பூஞ்சை பிடிக்கும். நம்ம ஜில்லாவுக்கு ஜூன்லயும் மழ அக்டோபர்லயும் மழ, வருசத்துல பாதி ஈரந்தான். ஒருநாள் சானல்ல குதிச்சு நீந்திட்டான், ரெண்டு நாள் கழிச்சு தலைய சாய்ச்சு சாய்ச்சு நடக்கான், காத மலத்திப் பாத்தா உள்ள செவசெவன்னு, தவிட்டு நெறத்துல அழுக்கு, புளிச்ச மாவு மாதிரி ஒரு வாசம். டாக்டர் கிளீனரும் சொட்டு மருந்தும் எழுதி, செய்யுற மொறையும் காட்டித் தந்தாரு. குழி நெறைய மருந்த விட்டு, காதுக்கு அடிப்பக்கம் பைய பிசையணும், சளக் சளக்குன்னு சத்தம் கேக்கும், அவன் தலைய ஒதறுவான், வெளிய வந்தத மட்டும் பஞ்சால தொடைக்கணும், பட்ஸ் உள்ள விடவே கூடாது. சாப்பிடும்போது காது சோத்துல விழாம இருக்க என் பழைய லெக்கின்ஸ் கால வெட்டி தலைல மாட்டி விடுறோம். முடி சீவணும், கால் வெரல் இடுக்குல உண்ணி பாக்கணும், உண்ணிக் காய்ச்சல் வந்தா ஆளையே எடுத்துரும். இதெல்லாம் ஒரு மாசத்துக்கு இல்ல மக்கா, பன்னெண்டு பதிமூணு வருசத்துக்கு.

நீ ரெண்டு மாச லீவுல வார. பாப்பா கொஞ்சுவா, போட்டோ எடுப்பா, பெறகு நீங்க மஸ்கட்டுக்கு பிளைட்டு ஏறிருவீங்க. அந்தக் குட்டிய யாரு பாத்துக்குவா? தக்கலைல ஒங்க அம்மை, அந்த வயசுல, அந்த மாடி வீட்டுல. கொஞ்ச மாசத்துல அது ஏழெட்டு மாசக் குட்டியா ஆயிரும், ஓட்டம் உச்சத்துல நிக்குற நேரம். ஒங்க அம்மையால முடியாது. யாருக்காவது குடுப்பாங்க, அவங்க இன்னொருத்தருக்கு குடுப்பாங்க, சுக்கு கயித்தோட நின்ன எடம் வரைக்கும் அந்த வழி போவுது. வளத்த மிருகத்த பட்டினில தவிக்க விட்டுட்டுப் போறது குத்தம்னு 1960ல சட்டமே போட்டிருக்கு, ஆனா முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூவாய்ல இருந்து அம்பது ரூவா வரைக்குந்தான். அம்பது ரூவாய்க்கு இன்னைக்கு ஒரு கிலோ சாளை மீனு கெடைக்குமா? ஒரு உசுருக்கு அந்த வெலதான் வச்சிருக்கோம். இத நெனச்சா எனக்கு ராத்திரி ஒறக்கம் வர மாட்டேங்குது.

ஒன் மேல கோவம் இல்ல. நீ நல்ல மனசோடதான் கேட்ட, நம்ம கெமிஸ்ட்ரி மேடம் வீட்டுப் பூனைக்கு அழுதவதான நீ. அதனாலதான் மூடி மறைக்காம எழுதுறேன். குட்டி வாங்காண்டாம். லீவுக்கு வந்ததும் பாப்பாவ எங்க வீட்டுல ஒரு வாரம் விடு. விடியக்காலம் என்கூட எந்திரிச்சு வரட்டும், காது தொடைக்கட்டும், பீய அள்ளட்டும், தொண்டுக்குள்ள கோழித்துண்டு ஒளிச்சு வைக்கட்டும். அதுக்குப் பெறகும் வேணும்னு சொன்னா, நீங்க ஊரோட வந்து செட்டில் ஆவுற வருசம் நானே ஷெல்டருக்கு கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் சுக்கு அவளுக்கும் சொந்தந்தான்.

வரும்போது முடி சிக்கு எடுக்குற நல்ல ஸ்லிக்கர் பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வா, என்கிட்ட உள்ளதுல கம்பியெல்லாம் வளஞ்சு போச்சு. அம்மைக்கு பேரீச்சம்பழம். சாக்லேட்டும் உலந்த திராட்சையும் எங்க வீட்டுக்கு வேண்டாம், ரெண்டும் நாய்க்கு ஆவாது, திராட்சை கிட்னியவே கெடுத்துரும், இவனுக்கோ மேச மேல ஏறத் தெரியும். பாப்பாகிட்ட இத வாசிச்சுக் காட்டு, அவ என்ன சொன்னான்னு ஒடனே எழுது.

ஒன்
மக்கா