சித்திக்கு, கால் வலியைப் பற்றி

அன்புள்ள சித்தி,

கால் உடைந்து இது நான்காவது மாதம், வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, நேற்று போனில் "இப்போ பரவாயில்லைப்பா" என்று நீங்கள் சொன்ன குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணுக்கால் உடைந்தபோது நானும் கேட்டவர்களிடமெல்லாம் இதையேதான் சொன்னேன். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், இனிமேலும் வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள் என்று ஒரு கூச்சம்.

நம்புங்கள் சித்தி, நான்காவது மாதத்தில் வலிப்பது சகஜம். எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் போதும். ஆனால் அசையாமல் கிடந்த மூட்டு இறுகிப்போயிருக்கும், கெண்டைச்சதை மெலிந்திருக்கும், தசைநார்களும் அடிபட்டிருக்கும். அதெல்லாம் பழைய நிலைக்கு வர பலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஒவ்வொரு முறை வலித்தபோதும் உள்ளே மறுபடி ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தே பல வாரம் நடக்காமல் இருந்தேன். அதில் கால் இன்னும் இறுகிப்போனதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பிறகு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முந்தின நாள் காலை அளவுக்கே இருந்தால் சரி, அப்படியே தொடரலாம். கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டோம், இன்று பாதியாகக் குறைக்க வேண்டும். என் பயத்தைப் போக்கியது இந்தக் கணக்குதான்.

சாயங்காலம் கால் வீங்குவதாகச் சித்தப்பா சொன்னார். கெண்டைச்சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது பலவீனமாக இருப்பதால் நீர் கீழே தங்கிவிடுகிறது. காலை ஸ்டூல் மேல் வைத்தால் போதாது. படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்கி வையுங்கள். அப்படியே கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். 'ஐ' எழுதும்போது கணுக்கால் நன்றாகச் சுழலும். ஐஸ் ஒத்தடம் கொடுப்பதானால் துணியில் சுற்றி 15 நிமிடம் போதும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் மரத்துப்போன இடம் இருந்தால் ஐஸ் வேண்டாம்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைத்தடியை நல்ல கால் பக்கக் கையில் பிடியுங்கள். நாம் எல்லோரும் முதலில் தப்பாகத்தான் பிடிக்கிறோம்.

நான் நிஜமாகவே கவலைப்படுவது அந்த மாத்திரையை நினைத்துத்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டால் வயிற்றைப் புண்ணாக்கும், பிபியைக் கூட்டும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இனி டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பாரசிட்டமால் உங்களுக்குப் போதுமா, எத்தனை போடலாம் என்று அவரிடமே கேட்போம். பக்கத்து வீட்டு அக்கா அனுப்பும் ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும், எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே பிளேட் வைத்த அந்தக் காலைத் தொட விடாதீர்கள்.

சித்தி, இவற்றை மட்டும் மறைக்காதீர்கள். போர்வை பட்டாலே எரிவது, பாதத்தின் நிறம் மாறுவது, தையல் போட்ட இடத்தில் சிவப்போ நீரோ, காய்ச்சல், நாளுக்கு நாள் வலி கூடுவது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். கெண்டைச்சதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எக்ஸ்ரே கவரையும் இப்போது போடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை டாக்டரிடம் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்