சங்கிலியை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலேயே ட்ரெய்லர் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அச்சு, ஸ்பிரிங், விளக்கு என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், இணைப்பு கழன்றாலும் ட்ரெய்லர் வண்டியை விட்டு ஓடிவிடாமல் பிடிக்கும் பாதுகாப்புச் சங்கிலியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைக்கூட விட்டுவிடலாம். கூடவே போட்டிருந்த படத்தைத்தான் விட முடியவில்லை. அதில் சங்கிலியின் கொக்கி, ஹிட்ச் பந்தை (ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை) தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய தண்டில் தொங்குகிறது.

அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் பின் நழுவினால் என்ன ஆகும்? தண்டும் பந்தும் சங்கிலியும் சேர்ந்தே ட்ரெய்லரோடு போய்விடும். எது கழன்றுவிடுமோ என்று பயந்து சங்கிலி போடுகிறோமோ, அதிலேயே அதைக் கட்டிவைத்து என்ன பயன்? சங்கிலியின் முன்முனையை, வண்டியோடு நிலையாக போல்ட் போட்டிருக்கும் இழுவைச் சட்டத்தின் வளையத்தில் மாட்ட வேண்டும். கொக்கியைக் கீழிருந்து மேலாக மாட்டினால் குலுக்கலில் எகிறி வருவது குறையும். கொக்கிக்குத் தாழ்ப்பாள் இருந்தால் இன்னும் நல்லது.

பின்முனைக்கும் இதே கணக்குதான். ட்ரெய்லரின் மூக்கில் பந்தைக் கவ்விப் பிடிக்கும் கப்ளரின் போல்ட்டிலேயே சங்கிலியையும் கோத்துவிடுகிறார்கள். போல்ட் அறுந்தால் இரண்டும் போச்சு. ட்ரெய்லரின் முக்கியச் சட்டத்தில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைப் பற்றவைத்து, அதில் துளையிட்டு, ஓரத்தை அரத்தால் மழுக்கி, தாங்கும் எடை பொறித்த ஷேக்கிளால் (குறுக்கே பின் போட்டு மூடும் U வடிவ வளையம்) மாட்டுவதே சரி. ஷேக்கிளின் பின் தானாகச் சுழன்று கழலாதபடி கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். வெல்டிங் மெஷின் கையில் இருக்கிறதே என்று சங்கிலிக் கண்ணியையே சட்டத்தில் ஒட்டவைக்கக் கூடாது. பதப்படுத்திய உயர்ரகச் சங்கிலியில் வெல்டிங் சூடு பட்டால், பட்ட இடத்தில் அதன் பலம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கட்டுரையில் ஒரே ஒரு சங்கிலிதான். இரண்டு வேண்டும், அவை கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும், இடப்பக்கத்தது வலப்பக்கம், வலப்பக்கத்தது இடப்பக்கம். கப்ளர் கழன்றால் ட்ரெய்லரின் மூக்கு தூளியில் விழுவதுபோல அந்தக் குறுக்கில் விழும், சாலையில் குத்தாது. மூக்கு தரையில் குத்தினால் ட்ரெய்லர் குட்டிக்கரணம் அடிக்கவும் கூடும்.

நீளத்தை அளவுநாடாவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ட்ரெய்லரை மாட்டி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். சங்கிலி விறைக்கவும் கூடாது, தரையில் உரசவும் கூடாது. உரசினால் கண்ணி தேய்ந்துவிடும். பறக்கிற தீப்பொறி காய்ந்த புல்லைப் பற்றவைத்துவிடும். நீளம் அதிகம் என்று சிலர் சங்கிலியை முறுக்கி மாட்டுவார்கள். கண்ணிகள் கோணலாக இழுபட்டு பலம் குறையும். கூடுதல் கண்ணிகளை வெட்டிவிடுவதே வழி.

அப்புறம் பலம். ஒவ்வொரு சங்கிலியும் தனியாகவே ட்ரெய்லரின் மொத்த எடையைத் தாங்க வேண்டும். மொத்த எடை என்றால் முழுச் சரக்கும் ஏற்றிய எடை. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் பலரும் காலி எடையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். கனத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஒரே 8 மி.மீ. சங்கிலி கிரேடு 30 (கிரேடு என்பது சங்கிலியின் பலத்தைக் குறிக்கும் தர எண்) ஆக இருந்தால் அதன் வேலைச்சுமை வரம்பு, அதாவது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய சுமை, சுமார் 860 கிலோ. கிரேடு 70 என்றால் 2,100 கிலோவைத் தாண்டும். கிரேடு எண் கண்ணியிலேயே பொறித்திருக்கும். எண் இல்லாத சங்கிலி கதவுக்குப் போதும். கொக்கிக்கும் ஷேக்கிளுக்கும் இதே பலம் வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்து இந்நேரம் யாராவது கட்டத் தொடங்கியிருப்பார்கள். அடுத்த இதழில் சரியான படம் ஒன்றை, இரண்டு முனைகளும் தெளிவாகத் தெரியும்படி, வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்