அத்தைக்கு, அந்த விதை டப்பாவைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

"கிட்னிக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்று தம்பி வாங்கித் தந்த விதை டப்பாவை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பூசணி, சூரியகாந்தி, சியா எல்லாம் கலந்தது. மற்றவர்களுக்கு நல்ல தின்பண்டம்தான். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் உங்களுக்கு 38தான், குறைவு. அதற்குக் கைப்பிடி கைப்பிடியாக அதைத் தின்பது சரிவராது. ஆனால் இனிமேல் கடலை, எள், பாதாம் எதையுமே தொடமாட்டேன் என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சம்மதமில்லை, அத்தை.

சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு கெடும். பாஸ்பரஸ் ஏறினால் எலும்பு தேயும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும். இரண்டும் எல்லாக் கொட்டையிலும் உண்டு, அளவுதான் வேறு. சுமார் 28 கிராம், அதாவது ஒரு கைப்பிடி பூசணி விதையில் பாஸ்பரஸ் 300 மில்லிகிராமுக்கு மேல். அதே அளவு பாதாமில் 135 போல, வால்நட்டில் 100 போல. பொட்டாசியம் பிஸ்தாவில் 290 அளவுக்குப் போகும். பாதாம், வேர்க்கடலை இரண்டிலும் 200 ஒட்டி, வால்நட்டில் 125. ஆசைப்பட்டால் வால்நட் நாலைந்து துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்தால் பொட்டாசியம் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே, அதை நம்ப வேண்டாம். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் இறங்கும். முழுப் பாதாமில் அப்படி இறங்காது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விதையில் இருக்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற சேர்மமாகப் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி நம் குடலில் மிகக் குறைவு, அதனால் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். பாக்கெட் உணவில் கலக்கும் பாஸ்பேட் உப்போ கிட்டத்தட்ட முழுசாகச் சேர்ந்துவிடும். எள்ளுப்பொடியைக் கண்டு பயப்படும் நீங்கள், பேரனோடு கோலா குடிக்கிறீர்கள், சீஸ் துண்டு சாப்பிடுகிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கம், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை ஏதாவது எண் இருந்தால் அது பாஸ்பேட். கீழே வைத்துவிடுங்கள்.

உப்புப் போட்டு வறுத்த முந்திரியும் மசாலாக் கடலையும் வேண்டாம். காரணம் சோடியம், உங்கள் பிரஷருக்கு ஆகாது. மாமாவுக்குச் சிறுநீரகத்தில் வந்த கால்சியம் ஆக்ஸலேட் கல் வேறு கதை. பாதாமிலும் முந்திரியிலும் ஆக்ஸலேட் நிறைய. அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

இட்லிக்கு ஒரு கரண்டி வேர்க்கடலைச் சட்னி, வாரத்தில் இரண்டு நாள், தாராளமாகச் சாப்பிடுங்கள். அன்றைக்கு இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம். நீங்கள் பிரஷருக்குப் போடும் டெல்மிசார்டன் மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அதற்காக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் எழுதியதை அடுத்த முறை போகும்போது டாக்டரிடமும் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பொட்டாசியம் 5-ஐத் தாண்டியிருந்தால் டாக்டருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், சட்னியையும் நிறுத்திவைப்போம். தாண்டவில்லை என்றால் பொங்கலுக்கு எள்ளுருண்டை ஒன்று, சின்னதாக, நானே பிடித்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்