கண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், மலேரியா மாத்திரைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பவை என்பதால் இதயத்தைப் பற்றிய கவலை வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருந்ததைப் படித்து மனம் வருந்தினேன். பழைய மலேரியா மருந்தான குயினினுக்கு நெருங்கிய உறவான குயினிடின், நூறாண்டுகளுக்கு முன்பே இதயத்துடிப்புக் கோளாறுக்குத் தரப்பட்ட மருந்து என்பதும், ஹாலோஃபான்ட்ரின் என்ற மலேரியா மருந்தை உட்கொண்டவர்களில் சிலர் திடீரென இறந்ததால் அம்மருந்து பெரும்பாலும் கைவிடப்பட்டது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல.

மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை, முடக்குவாதத்துக்காக நான் 11 ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறேன். அது கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்கள், தவறாமல் செய்தேன். இதயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்த ஒரு வாரத்தில் இருமலுக்கென்று அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தேன். இசிஜியில், இதயம் ஒருமுறை துடித்து அடுத்ததற்கு ஆயத்தமாக எடுக்கும் நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி, 500 மில்லிசெகண்டைத் தாண்டி ஆபத்தான அளவுக்கு நீண்டிருந்தது. இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வழியை இந்த மாத்திரை ஓரளவு அடைப்பதால், ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்கு ஆயத்தமாகும் நேரம் நீள்கிறது என்றும், வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இழந்திருந்த உடலில் அதே குணமுள்ள இன்னொரு மருந்தும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் அன்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020-இல் இதே மாத்திரையைக் கொரோனாவுக்கு அருமருந்து என்று தங்கள் இதழ் முகப்பிலேயே கொண்டாடியது. மருந்துக்கடைகளில் கிடைக்காமல் என்னைப் போன்றவர்கள் அலைந்தோம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மார்ச் மாதம் தந்த அவசர அனுமதியை, இதயப் பாதிப்புகளையும் ஒரு காரணமாகக் காட்டி ஜூன் 15 அன்று திரும்பப் பெற்ற செய்திக்குத் தங்கள் பக்கங்களில் நான்கு வரிகூட இடம் கிடைக்கவில்லை. அப்போது நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

மலேரியாவுக்காகச் சில நாட்கள் மருந்து உட்கொள்பவர்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதயத்தில் தொல்லை எதுவும் வருவதில்லை. நானும் மருத்துவர் மேற்பார்வையில் அதே மாத்திரையைத்தான் தொடர்கிறேன். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: இதய நோயோ பொட்டாசியக் குறைவோ உள்ளவர்களும், வேறு மருந்துகள் சாப்பிடுபவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, இசிஜி எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும், படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவப் பகுதியின் அடியில் நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி