பையனுக்கு முதலில் தாளிக்கக் கற்றுக்கொடு

திருநெல்வேலி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. உன் மனைவிக்கு மருத்துவமனையில் மதியம் 2 மணி முதல் இரவு 8 மணி வரை பணி என்று மாற்றிவிட்டார்கள் என்பதையும், அம்மா மூட்டுவலி வைத்தியத்துக்காகத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதையும், நீயும் எட்டரைக்கு முன்னால் வீடு திரும்ப முடிவதில்லை என்பதையும் விரிவாக எழுதியிருந்தாய். மாலை நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, பூட்டைத் தானே திறந்து, காலையில் வைத்துவிட்டுப் போன ஆறிய சாப்பாட்டைத் தொடாமல் பிஸ்கட்டும் பாக்கெட் நூடுல்ஸுமாகப் பொழுதைக் கழிக்கிறான் பையன் என்ற இடத்தைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. பதினான்கு வயது என்பது எலும்பும் தசையும் ஒருசேர வளரும் வயது. அந்த வயதின் பசி பிஸ்கட்டுக்கு அடங்காது. ‘தனியாக இருக்கும்போது அவனே செய்துகொள்ளும்படி சுலபமாக என்ன சொல்லிக்கொடுக்கலாம்?’ என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்விக்கு எனக்குச் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் நாலு வார்த்தை பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாம் இருந்த நாட்களை நினைத்துப் பார். அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. வைத்திருந்தாலும் நம் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரவு மெஸ் மூடியிருக்கும்போது பன்னும் டீயுமாகப் படுத்த இரவுகள் எத்தனை! நம்மைப் பாசத்தோடு வளர்த்த வீடுகள்தாம் நம்மை அப்படி அனுப்பின. ‘ஆண்பிள்ளையை அடுப்படியில் நிறுத்துவதா’ என்று அம்மா வருத்தப்பட்டார்கள் என எழுதியிருக்கிறாய். கைப்பக்குவம் மிகுந்த சமையலை நளபாகம் என்றும் பீமபாகம் என்றும் அவர்களே எத்தனையோ முறை புகழ்ந்திருப்பார்கள். நளன் அரசன், பீமன் அரசகுமாரன் என்பதை அவர்களிடம் மெதுவாக நினைவூட்டு, நிச்சயம் ஒப்புக்கொள்வார்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது என் மாமியார் மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார்கள். என் மனைவி அங்கேயே தங்க வேண்டியிருந்தது. அப்போது நான் செய்த முதல் தவறு, ஒரு தாளில் பத்துப் பண்டங்களின் செய்முறையை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியதுதான். அவள் அதைப் பார்த்து மிரண்டுபோனாளே தவிர, ஒன்றையும் செய்யவில்லை. பேசிப் பார்த்ததில், அவளுடைய பயம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது என்பது புரிந்தது: எண்ணெயில் கடுகு வெடிக்கும் அந்த அரை நிமிடம். அந்தப் பயம் நீங்கிய நாளிலிருந்து எலுமிச்சைச் சாதமும் அவல் உப்புமாவும் சேமியாவும் அவளுக்குத் தனித்தனிப் பாடங்களாக இருக்கவில்லை. ஆகவே நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: பண்டங்களைக் கற்றுக்கொடுக்காதே, தாளிக்கக் கற்றுக்கொடு.

ஆனால் முதல் நாளே அதில் இறக்கிவிடாதே. முதல் சில நாட்கள் அடுப்பே வேண்டாம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் வை. சீரகம் எது, சோம்பு எது, உளுத்தம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று தொட்டும் முகர்ந்தும் அவனே பிரித்துச் சொல்லட்டும். சீரகத்தையும் சோம்பையும் கண்ணால் மட்டும் பார்க்கிற பிள்ளை மாற்றிப் போட்டுவிடும். ஒரு முறை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்த பிள்ளை மாற்றாது. இந்த நாட்களின் பசிக்கு அவல் இருக்கிறது. மெல்லிய அவலைத் தண்ணீரில் அலசி உடனே வடித்துவிட்டால் போதும், ஊறவைத்தால் குழைந்துவிடும். கெட்டி அவலுக்குப் பத்து நிமிட ஊறல் வேண்டும். சிவப்பரிசி அவல் இன்னும் சற்று நேரம் கேட்கும். ஊறியதைப் பிழிந்து, தயிரும் உப்பும் பொடியாக நறுக்கிய இஞ்சியும் பச்சைமிளகாயும் கலந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. இனிப்பு வேண்டுமென்றால் வெல்லத்தூளும் தேங்காய்த்துருவலும் ஒரு வாழைப்பழமும் போதும். குசேலர் கொண்டுபோன பண்டம் என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லிக் கொடுத்ததை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கிருஷ்ண ஜெயந்தியன்று மட்டுமே பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது தோசைக்கல். அரைத்த மாவு இருந்தால் அவன் எப்படியும் ஊற்றிக்கொள்வான். மேலே இட்லிப் பொடியைத் தூவி நல்லெண்ணெய் விட்டால் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது. மாவு தீர்ந்த நாளுக்குத்தான் கோதுமை தோசை. ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, உப்பு, சீரகம், நறுக்கிய வெங்காயம், ஏறக்குறைய இரண்டு கப் தண்ணீர். புளிக்கவைக்க வேண்டியதில்லை. நீர்க்கக் கரைத்த இந்த மாவைக் கரண்டியால் தேய்க்கக் கூடாது. காய்ந்த கல்லின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஊற்றிக்கொண்டே வர வேண்டும். முதல் தோசை பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லி வை. இல்லையென்றால் தனக்குக் கைவரவில்லை என்று அவன் மனம் விட்டுப்போகும். முட்டை உங்கள் வீட்டில் உண்டு என்பதால் அதையும் சேர்த்துக்கொள். குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் விட்டால் நன்றாக வெந்துவிடும். உடைத்துச் செய்வதாக இருந்தால் ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு டம்ளரில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஊற்றப் பழக்கு.

இப்போது தாளிப்புக்கு வருகிறேன். ஒரு விடுமுறை நாள் காலையில், அவசரம் எதுவும் இல்லாத நேரத்தில், கனமான சிறிய வாணலியையும் அதற்குப் பொருந்துகிற மூடியையும் எடுத்து வை. வாணலியில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கறிவேப்பிலையைக் கழுவிய பின் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம்தான் எண்ணெயைத் தெறிக்கவைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அது சூடாகிவிட்டதா என்று பார்க்க இரண்டே இரண்டு கடுகைப் போடச் சொல். அவை உடனே துள்ளினால் மீதியைப் போட்டு மூடியைப் பாதியாகச் சாய்த்து மூடட்டும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளந்துகொண்டு வருவதுதான் அந்த ஓசை என்று விளக்கிச் சொன்னபோது, என் மகள் பயந்து பின்வாங்குவதை விட்டுவிட்டுக் குனிந்து கவனிக்கத் தொடங்கினாள். ஓசை அடங்கியதும் அடுப்பைச் சிம்மில் வைத்து, பருப்புகளைப் போட்டு, அவை பொன்னிறமாகும்வரை கிளறி, கிள்ளிய மிளகாய் வற்றல், பெருங்காயம், கடைசியாகக் கறிவேப்பிலை. மிளகாயை முதலிலேயே போட்டால் கருகி வீடு முழுவதும் நெடியேறும். இதை அவன் செய்யும்போது நீ சமையலறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். உன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் பேசு. எனக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது. ஆனால் நான் கரண்டியைப் பிடுங்காத நாளில்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நீ சொல்லிக்கொடுக்க வேண்டியது மிகக் குறைவு. தாளிப்பில் வேர்க்கடலையும் மஞ்சள்தூளும் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்போடு சோற்றில் கிளறினால் எலுமிச்சைச் சாதம். அடுப்பு எரியும்போதே சாற்றை ஊற்றினால் கசந்துவிடும். அதே தாளிப்பில் வெங்காயம் வதக்கி ஊறிய அவலைப் போட்டால் அவல் உப்புமா. மீந்த இட்லியை உதிர்த்துப் போட்டால் இட்லி உப்புமா. ரவை உப்புமாவுக்கு மட்டும் இரண்டு செய்தி உண்டு. ரவையை மணம் வர வறுத்திருக்க வேண்டும்; ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். வறுத்த ரவையை ஞாயிற்றுக்கிழமையே டப்பாவில் போட்டு வைத்துவிட்டால் அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

சோற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வடித்த சோறு திருச்சி வெயிலில் மாலை வரை மேசைமேல் இருக்கக் கூடாது. சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. ஆகவே ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். தயிர்ச்சாதம் வைப்பதானால் சோற்றைக் குழைத்துக் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்து, அதையும் ஃபிரிட்ஜிலேயே வைத்தால் மாலையில் புளிக்காமல் இருக்கும். கடுகு தாளித்துக் கொட்டுவது அவன் பங்கு.

இனி, நான் மறக்க முடியாத ஒரு மாலையைச் சொல்கிறேன். மகள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. பர்னரிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்தது. நல்லவேளையாக நாற்றம் அவளுக்கு எட்டியது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது என்பதையும், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளை அதில் கலக்கிறார்கள் என்பதையும் நான் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவள் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால் ஜன்னலோடு வாசற்கதவையும் திறக்க வேண்டும். கசிவுக்கான அவசர எண் 1906. அதை அவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே வந்த பிறகே அழைக்க வேண்டும். அடுப்பு எரியும்வரை சமையலறையை விட்டு நகர்வதில்லை என்று அன்று நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. பெரியவர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். கை சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். மாவும் மையும் பற்பசையும் வேண்டாம். தனியாக இருக்கும்போது அப்பளம் உட்பட எதையும் பொரிக்க வேண்டாம். குக்கரையும் இந்த ஓராண்டுக்குத் தள்ளிப்போடு. பாக்கெட் நூடுல்ஸை அடியோடு தடுத்தால் ஒளித்துச் சாப்பிடுவான். வாரம் ஒரு நாள் என்று வைத்து, அதில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கேரட்டும் பட்டாணியும் போடச் சொல்.

உன் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு மட்டும்தானா, இண்டக்ஷனும் உண்டா என்று எழுது. இருந்தால் அடி தட்டையான சிறிய வாணலி ஒன்றை இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன். என் மனைவி அரைத்த பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் கால் கிலோ வீதம் அடுத்த வாரப் பார்சலில் வரும். சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்தால் களைத்து வரும் நாளுக்கு அதுவே போதும். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு அங்கு வருகிறோம். வந்த அன்று மாலைச் சிற்றுண்டியை அவனே செய்யட்டும். நீயும் நானும் வாசலில் கை கட்டி நிற்போம்.

என்றும் அன்புடன்,
உன் மேன்ஷன் அறைத்தோழன்