பாட்டிக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை

கோத்தகிரி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூன்று நாளாக மேகம் இறங்கி வாசலிலேயே படுத்திருக்கிறது. துணி காயவில்லை என்று அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

தீபாவளிக்கு வண்டியை எடுத்துக்கொண்டே வருகிறேன் என்று சொன்னாய். சந்தோஷம். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆடியில் வந்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமை கிளம்ப இருந்த உன்னை, பாட்டிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நிறுத்தி வைத்தோமே, நினைவிருக்கிறதா? பாட்டிக்கு ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லாமல் இருந்தது உன் வண்டிக்கு.

அன்று விடியும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவன் நான். வாசலில் ஒரு வண்டி நின்றால் கை சும்மா இருக்குமா? வெளியிலிருந்து பார்க்க டயர் நன்றாகத்தான் இருந்தது. ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள், பட்டன் என்போமே, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வைத்துவிட்டு, முன் சக்கரத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் ரத்தம். ரப்பர் தேய்ந்துபோய் உள்ளே இருக்கிற கம்பி வெளியே வந்திருந்தது. வெளிப்பக்கம் முடி, உள்பக்கம் மொட்டை. அந்த டயரோடுதான் நீ சென்னையிலிருந்து வந்து, இந்த மலையும் ஏறியிருக்கிறாய்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சர்வீஸ் விட்டிருந்தாய். பில் வண்டிக்குள்ளேயே கிடந்தது. டயர் என்ற இடத்தில் 'ஓகே' என்று டிக் அடித்திருந்தார்கள். நின்றுகொண்டே பார்த்தவன் போட்ட டிக் அது. குனிந்து பார்த்தவன் போட்டிருக்க மாட்டான்.

வண்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று சாவி வாங்கிக்கொண்டு போனேன் அல்லவா? மெதுவாக உருட்டிக்கொண்டு டயர் கடைக்குத்தான் போனேன். ஒரு ஜோடி புதுசு போட்டேன், சக்கரமெல்லாம் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்டும் பார்த்தாயிற்று. புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லி, பின்னாலிருந்த நல்ல ஜோடியை முன்னால் கொண்டுவந்தேன். பழைய ஆட்கள் புதுசை முன்னால்தான் போடுவார்கள், நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சமாளித்துக்கொள்ளலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும்.

மூன்று மாதம் ஆகிறது. வண்டியில் இரண்டு டயர் புதுசு என்று நீ இன்னும் கவனிக்கவில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தது. பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதே. தினமும் ஏறி உட்காருகிற வண்டியை ஒரு நாளாவது குனிந்து பார், அது போதும்.

என்ன பார்ப்பது என்று கேட்பாய். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவு. ஒரு பக்கம் போகும்போது வழவழவென்றும், திரும்பி வரும்போது ரம்பப் பல் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது என்று அர்த்தம். உன் வண்டிக்கு நடந்ததும் அதுதான், எங்கேயோ பள்ளத்தில் விட்டிருக்கிறாய். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால் பேலன்ஸிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று, பார்க்க வேண்டும். பட்டன்களுக்கு நடுவில், பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். சட்டமும் அதோடு நிறுத்தச் சொல்கிறது. நம் மலை மழைக்கு அது வரைக்கும் காத்திருக்காதே.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றிப் போடச் சொல். கொண்டை ஊசியில் முன் டயர்தான் அதிகம் தேயும்.

அடுத்தது காற்று. உன்னோடு பெட்ரோல் பங்க்குக்கு வந்தபோது பார்த்தேன். பையன் "எவ்வளவுக்கா?" என்று கேட்டான், நீ போனைப் பார்த்துக்கொண்டே "நார்மல்" என்றாய். நார்மல் என்று ஒரு அளவே கிடையாது, கண்ணு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உன் வண்டிக்கு 33 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது, காற்றழுத்தத்தை அளக்கிற கணக்கு அது. ஆள், சாமான் நிறைய ஏற்றினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 51 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அவ்வளவு அடித்துவிடாதே. அது டயர் தாங்கும் உச்ச அளவு, உன் வண்டிக்கான அளவு இல்லை. மாதம் ஒரு தடவை, காலையில், வண்டி சூடாவதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஓடி வந்த டயரில் அளந்தால் கூடத்தான் காட்டும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். சும்மா காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். காசு கொடுத்துத்தான் அடிக்க வேண்டும் என்றில்லை.

மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் அரவேணு வருவதற்குள் பந்து போல் உப்பிவிடும், சின்ன வயதில் அதைக் குத்திக் குத்தி விளையாடுவாய். டயருக்கும் அதே கதைதான். மேலே வெளிக்காற்று மெலிசு. அதனால் மேட்டுப்பாளையத்தில் அளந்ததைவிட இங்கே மானி இரண்டு பி.எஸ்.ஐ. போலக் கூடக் காட்டும். ஆனால் கீழே வெயிலில் அடித்த காற்று இங்கே விடியற்காலைக் குளிரில் மூன்று நான்கு குறையும். ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சரியாகிவிடும். ஆகவே மேலே வந்து சேர்ந்த உடனே, கூட இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதே.

அப்புறம் ஸ்டெப்னி. பின்னால் பாயைத் தூக்கிப் பார்த்தேன். 12 பி.எஸ்.ஐ. காற்றோடு, பாவம், தூங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பார். 0814 என்று இருந்தது. 2014-ம் வருஷத்து எட்டாவது வாரம் செய்தது என்று பொருள். ஒரு நாள்கூட ரோட்டைப் பார்க்காத டயர்தான், ஆனாலும் ரப்பர் கிழடாகிவிட்டது, ஓரமெல்லாம் வெடிப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். ஐந்தாறு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் கடையில் காட்ட வேண்டும், பத்து வருஷம் ஆனால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். முன்னாலிருந்து கழற்றியதில் ஒன்று ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தாலும் இன்னும் ஓடும். இப்போதைக்கு அதைத்தான் ஸ்டெப்னியாகப் போட்டிருக்கிறேன். வழியில் டயர் மாற்றினால் ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச் சுற்று தளர்த்திவிடு. தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும்.

இனி இறக்கத்தைப் பற்றி. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எஸ்டேட்டில் சேர்ந்த புதிது. ஜீப்பில் மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து 33 கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இளவயசு, அவசரம். நாலாவது கியரிலேயே விட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு போனேன். பாதியில் ஒரு வாடை வந்தது. பழைய துணியைத் தீயில் போட்டது மாதிரி. எங்கேயோ குப்பை எரிகிறது என்று நினைத்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கி அடிவரைக்கும் போய்விட்டது. கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் தள்ளி, மலைப்பக்கத்து ஓடையில் உரசித்தான் நிறுத்தினேன். கூட வந்த கிளீனர் பையன் வண்டி நிற்பதற்குள்ளேயே குதித்து, கல்லோடு ஓடிவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பிரேக் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்திருந்தது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் அப்படித்தான் ஆகும்.

அன்றிலிருந்து ஏறுகிற கியரில்தான் இறங்குவேன். நீயும் இரண்டாவதில் இறங்கு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் ஒரு தடவை அழுத்தி மிதித்துவிட்டு எடுத்துவிடு, கால் அதன் மேலேயே படுத்திருக்கக் கூடாது. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று உன் சித்தப்பா சொல்வான், கேட்காதே. கியரில் இறங்கும்போது இந்தக் காலத்து இன்ஜின் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவன் இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சச் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். நீ வாங்கியதிலிருந்து மாற்றினாயா?

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை இழுத்துப் பார். கூலன்ட் அளவை டப்பாவிலேயே பார்க்கலாம். ஏற்றத்தில் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்து, ஓரமாக ஒதுங்கு, ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது தொடாதே. வைப்பர் ரப்பர் புதுசு போட்டுவிடு. மேகத்துக்குள் கண்ணாடி உள்ளே மூடினால் துணியால் துடைக்காமல், ஏசியோடு சூட்டுக்காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிடு.

மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வை. கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போ. நடு ரோட்டில் கல்லை விட்டுப் போகிறவனை நாங்கள் டிரைவர்கள் என்னென்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

உன் வண்டி டி.என். 43, அதாவது நம் நீலகிரிப் பதிவு இல்லை, அதனால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவா, பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்ட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஏறும்போது பயப்படாமல் வா, இறங்கும்போது நின்று கொடு.

டேஷ்போர்டு அறையில், பில்லுக்கெல்லாம் அடியில், காற்று அளக்கிற மானி ஒன்று வைத்திருக்கிறேன். அதையும் நீ பார்த்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து டயரையும் அளந்து ஐந்து எண்ணையும் எனக்குச் சொல்.

பாட்டி அன்றைக்குச் சாயங்காலம் வரை போர்வைக்குள் முனகிக்கொண்டு கிடந்ததற்குக் கூலி கேட்கிறாள். காரமடை ரங்கநாதரைப் பார்க்க உன் வண்டியில்தான் போவாளாம், அதுவும் முன் சீட்டில். இரண்டாவது கியரில் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா