ஆண்டறிக்கை: நம்ம பிரசிடென்ட் ஐயா இல்லாத முதல் பொதுக்குழு

எல்லாருக்கும் வணக்கமுங்க. வழக்கமா எத்தனை கூட்டம் போட்டோம், என்ன செலவாச்சுன்னுதான் ஆரம்பிப்பேன், இந்த தடவ அது கடைசில வரட்டும். கேரளா பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுல நம்ம பஞ்சாயத்த பாத்துக்கிட்ட பழைய பிரசிடென்ட், நம்ம சங்கத்து ஆயுள் மெம்பர், இந்த வருஷம் தவறிட்டாருங்க.

1995 எலெக்சன்ல அவரு பிரசிடென்ட் ஆனாரு. அடுத்த வருஷமே ஜனகீயாசூத்திரணம், அதாவது ஜனங்களே திட்டம் போடற முறை, வந்துச்சு, ஸ்டேட் பிளான் பணத்துல 35லருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னாங்க, எந்த ரோடு எந்த கிணறுன்னு கிராமசபைல ஜனங்க சொல்லணும். நம்மாளுங்க நிறைய பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது, பேப்பர் பூரா மலையாளம், கை தூக்கச் சொன்னா எதுக்குன்னே தெரியாம தூக்கிட்டு இருந்தாங்க. இவரு ஆபீசர் வாசிக்கறப்பவே "ஒரு நிமிஷம் சாரே"ன்னு நிறுத்தி, அந்தப் பக்கத்த தமிழ்ல சொல்லிட்டு, பின்வரிசைல இருக்கற அம்மணிகள பாத்து "இப்ப சொல்லுங்க, வேணுமா வேண்டாமா"ன்னு கேப்பாரு. கூட்டம் இருட்டற வரைக்கும் இழுக்கும், சில மெம்பருங்களுக்கு அது பிடிக்கல, அவரு விடல.

தமிழ், கன்னட சிறுபான்மைக்காரங்க அவங்கவங்க மொழியிலயே அரசுக்கு எழுதலாம்னு 1969 கேரள ஆட்சிமொழி சட்டத்துலயே இருக்குதுங்க. அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து சட்டைப்பைல மடிச்சு வெச்சிருப்பாரு. எங்கயாவது தமிழ் மனுவ திருப்பிக் குடுத்தா கூடவே போயி அதை டேபிள்ல விரிப்பாரு, சத்தம் போட மாட்டாரு. எழுதத் தெரியாதவங்களுக்காக இங்க் பேடும் அதே பைல, பை எப்பவும் ஊதாக்கறையா இருக்கும், ஆனா மனு முழுசும் வாசிச்சுக் காட்டாம யாருகிட்டயும் கைநாட்டு வாங்கினதில்ல.

அடுத்த எலெக்சன்ல ஊரு அவர தோக்கடிச்சிருச்சு, எனக்கு அது இன்னும் மனசு ஆறல. அவரு ஆறிட்டாரு. தமிழ்நாடும் கேரளாவும் தண்ணிய பங்கு போட்ட 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணைல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வரணும், வந்தாலும் கடைமடைக்கு எட்டணுமே, அதுக்காக பதவி இல்லாமயே சைக்கிள தள்ளிட்டு வாய்க்கா கரையோட போயி எங்க அடைச்சிருக்குன்னு பாத்து வந்து சொல்லுவாரு. யாராவது கேரளாக்காரன் தமிழ்நாட்டுக்காரன்னு ஆரம்பிச்சா "ரெண்டு பக்கமும் நம்ம சம்பந்திங்கதான், மொதல்ல தூர வாருங்கடா"ம்பாரு. அவரு பாடைய ரெண்டு கட்சிக்காரங்களும் சேந்துதான் தூக்கினாங்க.

மத்தபடி பொங்கல் விளையாட்டு, ஓணத்துக்கு பாயாசம், ரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல நல்லா நடந்துச்சு, நூலகத்துக்கு புது பீரோ வாங்கியாச்சு.

செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கு. சிலை, பிளக்ஸ் எதுவும் வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல சங்கத்துல ஒரு மேஜை போட்டு வர்றவங்களுக்கு மனு எழுதிக் குடுக்கலாம், அவரு பேருல. ரெண்டு மொழியும் எழுத வர்ற பசங்க, பொண்ணுங்க வேணும், இன்னிக்கே என்கிட்ட பேரு குடுங்க. இப்ப கணக்க பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, அது முடிஞ்சதும் தீர்மானத்த ஓட்டுக்கு விடறேன்.